கழுவிக் கவிழ்த்த போத்தல்

இருபத்திரண்டு வருடமாக நான் மனைப் பொருளியல் படிப்பிக்கிறேன். குசினியை எப்படித் துடைப்பது, பாத்திரம் துடைக்கும் துணியை எப்போது அவிப்பது, கையை எவ்வளவு நேரம் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, இவைதான் என் பாடம். கல்முனைப் பக்கத்தில் இன்று குடும்பம் நடத்துகிற எத்தனையோ பெண்களின் நகத்தைப் பார்த்து, குழாயடிக்குத் திருப்பி அனுப்பியவள் நான். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பெயர் ‘சவுக்காரம் டீச்சர்’. கேள்விப்பட்டபோது கோபப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் பெருமைதான். இப்போது அந்தப் பெயரை யாராவது சொன்னால் எழுந்து போய்விடுகிறேன்.

என் தங்கை எனக்குப் பதினொரு வயது இளையவள். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் என்பதால் உம்மாவின் வளவு எங்கள் இருவருக்கும் வந்தது. முன்வீடு எனக்கு, பின்வீடு அவளுக்கு, நடுவில் ஒரு கிணறு. எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. அதைப் பற்றி எழுத இது இடமில்லை. அவளுக்கு நடந்தது. மாப்பிள்ளை கட்டாருக்குப் போனார். முதல் வருடம் தினமும் கதைத்தார், இரண்டாம் வருடம் பெருநாளுக்குக் கதைத்தார், மூன்றாம் வருடம் அவருக்கு அங்கே வேறொரு குடும்பம் என்று இன்னொருவர் வந்து சொன்னார். தங்கையின் கையில் அப்போது நாலு வயதுப் பெண்பிள்ளை.

இங்கே ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தால் மூன்றாம் நாள் ஏஜன்சிக்காரி வாசலுக்கு வந்துவிடுவாள். குவைத்தில் நல்ல வீடு, இரண்டே பிள்ளைகள், தொழவும் நோன்பு பிடிக்கவும் விடுவார்கள், இரண்டு வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்பாள். தங்கை அவள் சொன்னதையெல்லாம் கேட்டாள். பாஸ்போட்டும் எடுத்தாள். பிறகு ஒரு பின்னேரம் கிணற்றடியில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“ராத்தா, இவள உட்டுட்டுப் போறத்துக்கு எனக்கு ஏலாது. முட்டைக் கோழி வளத்துப் பாக்கப் போறன். கோழி நிண்டா நானும் நிப்பன்.”

அந்த நாளிலிருந்து எங்கள் வளவில் எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது.

முதல் கூட்டம் இருநூறு குஞ்சுகள். மெசினில் பொரித்து, அட்டைப் பெட்டியில் வந்து இறங்கின. தீனும் தண்ணீரும் அவள் பொறுப்பு. சுத்தம் என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். சம்மாந்துறை ஆலையிலிருந்து உமி மூட்டை வரும். வாரத்துக்கு ஒரு தடவை பழைய உமியை அள்ளி வீசிவிட்டு, தரையைக் கிருமிநாசினி ஊற்றி உரஞ்சி, புது உமி பரப்புவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உடுப்பை மாற்றிக்கொண்டு முதலில் கோழிக்கூட்டுக்குத்தான் போவேன். எச்சம் கொஞ்சம் இளகிப் போனால் கடையில் கிருமியைக் கொல்லும் மஞ்சள் நிறத் தூள் மருந்து ஒரு போத்தல் வாங்கித் தண்ணீரில் கலக்குவோம். கடைக்காரர் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். நாங்களும் சொல்லமாட்டோம். சளிக்கு அந்தத் தூள், சோர்வுக்கு அந்தத் தூள், ஒன்றுமில்லாவிட்டாலும் முற்காப்பாக அந்தத் தூள்.

அவ்வளவு சுத்தமான கோழிக்கூடு அம்பாறைக் கரையிலேயே இருந்திருக்காது. அவ்வளவு நோஞ்சான் கோழிகளும் இருந்திருக்காது. தின்றன, ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. பின்பக்க இறகு எப்போதும் ஈரம். முட்டை பிந்தித்தான் வந்தது. வந்ததும் தோல் மெல்லியதாக, வெளிறி, எச்சம் பூசிக்கொண்டு வந்தது. நான் ஒவ்வொன்றையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி வெள்ளைத் துணியில் காய வைத்தேன். கழுவிய முட்டைகள் நாலாம் நாளே கெட்டுப் போயின. ஏஜன்சிக்காரி சுகம் விசாரிக்கிற சாட்டில் மறுபடியும் வரத் தொடங்கினாள்.

தங்கைதான் மிருக வைத்தியரைக் கூட்டி வந்தாள். திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண், ஸ்கூட்டரில் வந்தார், என்னைவிட எவ்வளவோ இளையவர். அன்று காலை செத்த கோழி ஒன்றைத் தென்னைக்குக் கீழே சீமெந்துப் பையின் மேல் வைத்து அறுத்தார். குடலை இழுத்து எடுத்து நீட்டிக் காட்டினார். நனைந்த கடதாசி மாதிரி இருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

“இஞ்ச பாருங்க டீச்சர், உள்ளுக்க ஒண்டுமே இல்ல. கோழிட குடலுக்குள்ள கோடிக்கணக்கில நுண்ணங்கி இருக்கோணும். தீனச் செமிக்க வைக்கிறதும் அதுதான், கெட்ட கிருமி வந்து குந்த இடமில்லாமப் பண்ணுறதும் அதுதான்.”

“கிருமியக் கொல்லத்தானே நாங்க இவ்வளவு பாடுபடுறம்?” என்றேன்.

“அதுதான் பிழை. மெசின்ல பொரிச்ச குஞ்சு தாயக் கண்டதில்ல. தாய்க்கோழி கிளறுற இடத்தில, அதுட எச்சத்தையும் சேத்துக் கொத்தித்தான் குஞ்சுக்கு வயித்தில நல்லது சேரும். இதுகளுக்குத் தாயும் இல்ல, பழைய உமியும் இல்ல. தானாச் சேந்த கொஞ்சத்தையும் நீங்க மருந்தக் குடுத்துச் சாகடிச்சிட்டீங்க.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுட்டது. தரம் ஒன்பது வகுப்பில் நுண்ணங்கிகளைப் பற்றி நானே படம் கீறிப் படிப்பித்திருக்கிறேன், தயிரையும் பாண் மாவையும் பற்றி. கோழியின் குடலுக்குள் அதே கதைதான் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அவர் சொன்ன வழி இதுதான். அடுத்த கூட்டத்துக்கு மருந்துத் தூள் வேண்டாம். உமியை அள்ளி வீசாமல், ஈரமான இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, மேலே மேலே புது உமி போட்டுக் கிளறிவிட வேண்டும். முட்டையைக் கழுவக் கூடாது. முக்கியமாக, சம்மாந்துறையில் நோயில்லாத வயது வந்த கோழிகள் நிற்கிற ஒரு கூட்டை அவரே சோதித்துப் பார்த்திருக்கிறார். அங்கிருந்து பழைய உமி நாலு மூட்டை கொண்டுவந்து குஞ்சுகளின் காலடியில் தூவ வேண்டும்.

“எருவையா?” என்று கேட்டேன். “நஜீஸ், அசுத்தம், அதக் கொண்டுவந்து திங்கவா குடுக்கிற?”

“குடுக்கத் தேவல்ல டீச்சர். அதுகளே கொத்தும்.”

இரண்டாம் கூட்டம் வந்த அன்று தங்கை கூட்டு வாசலில் நின்று, “ராத்தா, கோவிக்காதீங்க, நீங்க இதுக்குள்ள வராதீங்க,” என்றாள். கோபம் வந்தது, வராமலா? மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. காலையில் வாருகோலால் உமியைக் கிளறுவாள், தீன் போடுவாள், எருமைத் தயிர் மிஞ்சினால் தண்ணீராக்கி ஊற்றுவாள். பிள்ளை அவள் பின்னாலேயே உமிக்குள் வெறுங்காலோடு நடந்து திரிவாள்.

அந்தக் கோழிகளை இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது. நெஞ்சு அகன்று, கொண்டை சிவந்து, இறகு மினுங்கிக்கொண்டு, கதவைத் திறந்தால் காலுக்குள் வந்து நிற்கும். கூட்டில் நான் எதிர்பார்த்த நாற்றம் இல்லை. உமி காய்ந்து, உதிர்ந்து, தோட்டத்து மண் மணம்தான் வந்தது. முட்டை நல்ல மண்ணிறம், கையில் எடுத்தால் கனம். தங்கை கூட்டுக்குள் நின்று பாட்டு முணுமுணுப்பது முன்வீடு வரை கேட்கும். மாப்பிள்ளை போன பிறகு அவள் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. பாஸ்போட்டை அலுமாரியின் அடித்தட்டில், பிள்ளையின் சின்னதாகிப் போன உடுப்புகளுக்குக் கீழே போட்டுவிட்டாள். ஏஜன்சிக்காரி ஒரு நாள் வந்து ஒரு தட்டு முட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

முட்டையில் பாதி கடைகளுக்குப் போனது. மீதியை நான் ஓட்டோவில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவேன். ஆசிரியர் ஓய்வறையில் இடைவேளைக்குள் தட்டுகள் காலியாகிவிடும். சவுக்காரம் டீச்சர் வீட்டு முட்டை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லி வாங்கினார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

கதை வெளியே வந்தது சம்மாந்துறையிலிருந்துதான். எங்களோடு படிப்பிக்கிற ஒருத்தியின் மச்சான் அந்த நாலு மூட்டையையும் ஏற்றிவிட்டவராம். ஒரு திங்கட்கிழமை நான் தட்டுகளை மேசையில் வைத்ததும் அவள் கேட்டாள்.

“என்னகா டீச்சர், புள்ளையளுட நகத்துக்க ஊத்தை கண்டா வெளிய அனுப்புறயள், உங்கட கோழிக்கு எருவையா தீத்துறயள்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நுண்ணங்கி, குடல், தாய்க்கோழி என்று விளக்கத் தொடங்கினேன். என் வாயாலேயே எச்சம் என்ற சொல் வந்ததும் ஒருத்தி தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அன்று இரண்டு தட்டு விற்கவில்லை. புதன்கிழமை ஒரு தட்டும் விற்கவில்லை. முழுத் தட்டுகளோடு ஓட்டோவில் ஏறும்போது மேல்மாடியிலிருந்து ஒரு பிள்ளை, “எருமுட்டை டீச்சர்!” என்று கத்தியது. யாரென்று பார்க்கத் திரும்பினேன். மாடி முழுக்கப் பிள்ளைகள், எல்லா முகத்திலும் சிரிப்பு.

அதிகம் கதைக்காத ஒரு மூத்த ஆசிரியைதான் என் கையைப் பிடித்து ஆறுதலாகச் சொன்னாள். “நாட்டுக் கோழிய அறுக்க முந்தி நாம மூணு நாள் கட்டிப் போடுறம்தானே. அப்பிடிச் செஞ்சிட்டு மறுகா கொண்டாங்க. நாங்க வாங்காம எங்க போறம்?”

எங்கள் வீடுகளில் அது வழக்கம். ஊர் மேய்ந்து கண்டதையும் தின்ற கோழியை உடனே அறுக்க மாட்டோம். குசினிப் பக்கத்தில் காலைக் கட்டி, மூன்று நாள் அரிசியும் நல்ல தண்ணீரும் கொடுத்து, அதன் வயிறு சுத்தமான பிறகுதான் கத்தியை எடுப்போம். உம்மா அப்படிச் செய்வதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். எவ்வளவு எளிதான வழி, எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று அன்று பின்னேரம் மனம் லேசாகிப் போனது.

மௌலவியிடமும் கேட்டேன். முட்டையில் மணமோ ருசியோ மாறியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப ஒரு பிரச்சினையும் இல்ல டீச்சர், தாராளமாத் திங்கலாம், விக்கலாம்,” என்றார். மூன்று நாள் கட்டிப் போடுவதைப் பற்றித் தங்கையிடம் சொன்னபோது அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“அது அறுக்கிற கோழிக்கு ராத்தா. இது போடுற கோழி. தீன் மாத்தவே கூடாதெண்டு டொக்டர் சொல்லியிருக்கா. பள்ளிக்கூடத்தில வாங்காட்டி உடுங்க, எல்லாத்தையும் கடைக்குக் குடுக்கிறன். கடையில ஆரும் கேக்கிறல்ல.”

மார்க்கம் வேண்டாம் என்றது, வைத்தியம் வேண்டாம் என்றது, வியாபாரத்துக்கும் தேவையிருக்கவில்லை. எனக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது.

அடுத்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துவிட்டார்கள். தங்கை பிள்ளையின் கட்டிலோடு நின்றாள். உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவள் கோழிகளை என்னிடம் ஒப்படைத்தாள். “தீனும் தண்ணியும் மட்டும் ராத்தா, வேற ஒண்டும் வேணாம்.” ஓம் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவள் ஓட்டோவில் ஏறிப் போனதும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன்.

அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அவ்வளவு சந்தோஷமாக நான் வருடக்கணக்கில் இருந்ததில்லை. மாதக்கணக்கில் சேர்ந்த உமி முழுவதையும் மண்வெட்டியால் அள்ளினேன். எங்கேயாவது கிடந்தால் தங்கை திரும்ப எடுத்துப் போடுவாள் என்று வளவின் மூலையில் குவித்து எரித்தேன். தரையைக் கிருமிநாசினி விட்டு உரஞ்சினேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், கடற்கரை மணல் ஒரு வண்டி இறக்கிப் பரப்பினேன். மீன்தூள் கலந்த தீனை நிறுத்திவிட்டுக் கழுவிய அரிசிக் குறுணல் போட்டேன். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்க்கும்போது ஒரு யோசனை வந்தது. வெளியே சுத்தமாயிற்று, உள்ளே? குசினித் தட்டில் முதல் கூட்டத்துக்கு வாங்கிய மஞ்சள் நிற மருந்துத் தூள் அரைப் போத்தல் மிச்சம் இருந்தது. மூன்று நாளும் தண்ணீரில் அதைக் கலந்தேன்.

கோழிகள் மணலில் நின்றன. கிளறவில்லை. ஒரு காலைத் தூக்கியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. புது இடம் பழகட்டும் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் காலையில் இரண்டு தட்டு முட்டையோடு பள்ளிக்கூடம் போனேன். மூன்று நாள் கட்டிய கதையைச் சொன்னேன். இரண்டு தட்டும் இடைவேளைக்கு முன்பே முடிந்தது. எருவைப் பற்றிக் கேட்டவளே பத்து முட்டை வாங்கினாள்.

அன்று பின்னேரம் தங்கை பிள்ளையோடு வந்து இறங்கினாள். டெங்கு இல்லை, வெறும் காய்ச்சல்தான். நேரே கூட்டுக்குப் போனாள். நான் பின்னால் போனேன், பாராட்டுவாள் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனால் ஏசுவாள், ஏசினால் பதில் சொல்லலாம் என்று சொற்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் மணலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

“உமி எங்க ராத்தா?”

“எரிச்சிட்டன்.”

அவள் வளவு மூலைக்குப் போய்ச் சாம்பலைக் காலால் தட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு சம்மாந்துறைக்குப் போன் எடுத்தாள். அந்தக் கூட்டுக் கோழிகளைப் போன மாதமே விற்று, கூட்டைப் பூட்டிவிட்டார்களாம்.

அடுத்த நாளிலிருந்து முட்டை குறைந்தது. தோல் இல்லாமல் வந்தது, பிறகு வரவேயில்லை. எச்சம் தண்ணீராகி, பச்சையாகி, இரத்தம் கலந்தது. முதல் நாள் நாலு கோழி, அடுத்த நாள் பதினொன்று. மிருக வைத்தியர் ஓடி வந்தார். அறுத்துப் பார்த்தார். குடலின் உட்பக்கம் உரிந்து தொங்கியது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தீன் மாற்றியதையும் உமி எரித்ததையும் நான் சொன்னேன். அதை ஒளிக்க வழியில்லை.

“மருந்தேதும் குடுத்தீங்களா டீச்சர்?”

“இல்ல,” என்றேன்.

“குடுத்த மாதிரித்தான் கிடக்கு. உள்ள நல்லது எல்லாம் செத்து, வெறுமையாக் கிடந்த இடத்தில கெட்டது வந்து குந்தியிருக்கு.”

“இல்ல டொக்டர், குடுக்கல்ல.”

தங்கை என்னைப் பார்த்தாள். வைத்தியர், மருந்து படாத கோழிகள்தானே, வேறு வழியில்லை என்று அவரே ஒரு மருந்தை எழுதினார். அதைக் கொடுத்தோம். சாவு நிற்கவில்லை. என் தூளைப் பற்றித் தெரிந்திருந்தால் அவர் அதை எழுதியிருப்பாரா, வேறு ஏதாவது செய்திருப்பாரா, எனக்குத் தெரியாது. பிறகு அவரைக் கல்முனை பஸ் நிலையத்தில் இரண்டு தடவை கண்டேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

நான் எந்தப் போத்தலையும் கழுவாமல் வீச மாட்டேன். அது என் பழக்கம். அந்த மருந்துப் போத்தலையும் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, தாளை உரஞ்சி எடுத்து, கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்திருந்தேன். வைத்ததையே மறந்துவிட்டேன். செத்த கோழிகளைப் புதைத்துவிட்டுக் கை கழுவ வந்த தங்கை அதைக் கண்டாள். நான் குசினி யன்னலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் அதை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், மூக்கில் வைத்து மணந்தாள். பிறகு எந்த இடத்திலிருந்து எடுத்தாளோ அந்த இடத்தில், அதே மாதிரிக் கவிழ்த்து வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவள் ஏசியிருந்தால், என் தலைமயிரைப் பிடித்து இழுத்திருந்தால், நான் எவ்வளவு நன்றியோடு இருந்திருப்பேன்.

கடைசியில் பதினொரு கோழிகள்தான் மிஞ்சின. அவையும் இறகு உதிர்ந்து, கழுத்து மொட்டையாகி, பார்க்கச் சகிக்கவில்லை. வைத்தியர் கடைசியாக வந்தபோது, “இதுகள் செட்டை கழட்டுது. உசிரோட நிண்டா ரெண்டு மாசத்தில திரும்பப் போடும். போட்டா இதுகளுட உமியில புதுக் குஞ்சு விட்டுப் பாக்கலாம். பொறுத்துப் பாருங்க,” என்றார். தங்கை தலையாட்டினாள். ஆனால் ஏஜன்சிக்காரி அந்த வாரமே வந்தாள். குவைத்தில் ஒரு வீடு அவசரமாக ஆள் கேட்கிறது, இந்த விசா போனால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது என்றாள். இரண்டு மாதம் பொறுப்பதற்கு எங்களிடம் இருந்தது இறகில்லாத பதினொரு கோழிகள் மட்டும்தான். தங்கை அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தாள்.

அவள் போன காலையில் வான் வாசலில் நின்றது. பிள்ளை பள்ளிக்கூட உடுப்போடு நின்றாள், அழவில்லை, சப்பாத்தின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். போகாதே புள்ள, போத்தல் என்னுடையதுதான், நான்தான், நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. தங்கை என் கன்னத்தில் கன்னத்தை வைத்தாள்.

“ராத்தா, இவள மண்ணில விளையாட உடுங்க. சும்மா சும்மா கழுவாதீங்க.”

அவள் என்னைக் குற்றம் சொன்னது அவ்வளவுதான்.

கோழிகளை நான் விற்கவில்லை. கூட்டில் புது உமி பரப்பினேன். மணலை அள்ளவில்லை, கழுவவில்லை, எதையும் தொடாமல் வாருகோலால் கிளறி மட்டும் விட்டேன், அவள் செய்ததைப் பார்த்த ஞாபகத்தில். ஏழாவது வாரம் இறகு முளைத்தது. ஒன்பதாவது வாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கூட்டுக்குள்ளிருந்து, “பெரியும்மா!” என்று கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். அவளுடைய இரண்டு உள்ளங்கைக்குள்ளும் ஒரு முட்டை, நல்ல மண்ணிறம், இன்னும் சூடு. அடுத்த நாள் மூன்று. அந்த வாரம் முடிவதற்குள் பதினொரு கோழியும் போட்டன.

வைத்தியர் சொன்னது சொன்னபடி நடந்தது. இரண்டு மாதம், ஒரு வாரம். தங்கை கையெழுத்திட்டுப் போனது இரண்டு வருடத்துக்கு, பாஸ்போட் அந்த வீட்டுக்காரியின் பெட்டிக்குள்.

வெள்ளிக்கிழமைகளில்தான் அவளுக்குப் போன் தருவார்கள். திரையில் அவள் முகம் மெலிந்து தெரியும், பின்னால் வெள்ளை ஓடு பதித்த குசினி. நான் விரும்புகிற மாதிரியான குசினி. ஒரு வாரமும் தவறாமல் கேட்பாள்.

“கோழி என்ன மாதிரி ராத்தா?”

“கிடக்கு.”

“போடுதா?”

“இல்ல புள்ள. எல்லாம் கிழண்டிப் போச்சு.”

ரெண்டே மாதம் பொறுத்திருந்தால் என்று அவள் அங்கே நின்று நினைத்து நினைத்துச் சாகக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வைத்தியரிடம் இல்லை என்று சொன்ன அதே வாய்தான் இது, அதே சுலபத்தோடுதான் வருகிறது. பிள்ளையிடமும் சொல்லி வைத்தேன், முட்டையைப் பற்றி உம்மாவிடம் கதைக்க வேண்டாம், கவலைப்படுவா என்று. அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஆறு வயதில் ஏன் என்று கேட்காத பிள்ளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நான் எடுத்து, “இந்தா வாறாள்,” என்று சொல்லிக்கொண்டு அவளைத் தேடினால் கதிரையில் இல்லை. குழாயடியில் நின்றாள். சவர்க்காரத்தை எடுத்து இரண்டு கையிலும் நுரை வர உரஞ்சி, உதட்டைச் சுற்றித் தேய்த்து, வாயைக் கொப்பளித்து, சட்டை விளிம்பில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து போனுக்கு முன்னால் குந்தினாள்.

“என்ன மகள் சாப்பிட்டயள்?” என்று தங்கை கேட்டாள்.

“பாணும் சம்பலும் உம்மா.”

பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். வாயோரத்தில் மஞ்சள் ஒரு துளிகூட இல்லை. நன்றாகத்தான் கழுவியிருந்தாள்.